ஒளிபுகும் தாள்களை அடுக்கினால் ஆடியாகுமா?

பிப்ரவரி 3 (இழையைத் தொடங்கியவர்)

தடிமனும் இடைவெளியும் தாறுமாறாக இருக்கும்படி கண்ணாடித் தகடுகளை அடுக்கினால் மின்காந்த அலை உள்ளேயே முடங்கிவிடும், கடத்தல் (ஊடுருவி வெளியேறும் ஒளியின் பங்கு) படிக்குறி வேகத்தில், அதாவது ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரே விகிதத்தில், சரியும் என்று படித்தேன். எனக்கு இது ஒப்பவில்லை. குறுக்கீட்டு விளைவுக்கு ஒழுங்கான கட்ட வேறுபாடு வேண்டும். தடிமன் தாறுமாறு என்றால் கட்டமும் தாறுமாறு. எல்லாம் சராசரியில் அடிபட்டுப் போய்விடும், மிஞ்சுவது செறிவுகளின் கூட்டல் மட்டும்தான். அப்படியானால் பழைய கதிர்க் கணக்கே போதும். N தகடு என்றால் கடத்தல் ஏறக்குறைய 1/N போல மெதுவாகக் குறையும். அதைவிட வேகமாகக் குறைந்தால் தகடு ஒளியை உட்கவர்கிறது என்றுதானே பொருள்? லோக்கலைசேஷன் என்று பெரிய பெயர் எதற்கு?

பிப்ரவரி 3, இரவு (பதில் எழுதுபவர்; இனி வருபவை எல்லாம் இவருடையவை)

பிசகு ஒரே இடத்தில்தான்: "எல்லாம் சராசரியில் அடிபட்டுப் போய்விடும்." அடிபடாது. ஏன் என்று நாளை எழுதுகிறேன். அதுவரை யோசிக்க ஒன்று: இரண்டு பரப்புகள் மட்டும் இருந்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. மூன்றாவது பரப்பு வந்ததும் கதை மாறுகிறது.

பிப்ரவரி 4

முதலில் எண்கள். எண் இல்லாமல் இதைப் பேசினால் தத்துவமாகிவிடும்.

ஒளிவிலகல் எண் 1.5 கொண்ட தகடு, இருபுறமும் காற்று. நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பும் 4 சதவீதத்தை எதிரொளிக்கிறது, 96 சதவீதத்தை விடுகிறது. உட்கவர்தல் சுத்தமாக இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

கதிர்க் கணக்கில் கூட்டத் தகுந்த அளவு எது என்றால் R/T, அதாவது எதிரொளிப்பைக் கடத்தலால் வகுத்தது. ஒரு பரப்புக்கு 0.04/0.96. தகடுக்கு இரண்டு பரப்பு, ஆக 50 தகடுகளுக்கு இதை நூறால் பெருக்கினால் 4.17. கடத்தல் 1/5.17, சுமார் 19 சதவீதம். 100 தகடுகளுக்கு 10.7 சதவீதம். தகட்டை இரட்டிப்பாக்கினால் ஒளி ஏறக்குறைய பாதியாகிறது, அவ்வளவுதான். ஸ்டோக்ஸ் 1862இல் தகட்டுக் குவியலுக்குப் போட்ட கணக்கின் வழி இது.

அலைக் கணக்கில் கூட்டத் தகுந்த அளவு T-யின் மடக்கை. நூறு பரப்புக்கு 100 × ln 0.96 = −4.08. அதாவது 1.7 சதவீதம். இருநூறு பரப்புக்கு −8.16, அதாவது 0.028 சதவீதம்.

10.7 எங்கே, 0.028 எங்கே. நடுவில் ஒரு ஃபோட்டான்கூட உட்கவரப்படவில்லை. வராதது எல்லாம் வந்த வழியே திரும்பிவிட்டது.

பிப்ரவரி 4, சற்றுப் பிறகு

மடக்கை ஏன் கூடுகிறது என்பதை ஒரே வரியில் காட்டலாம். இரண்டு தடைகளை அடுத்தடுத்து வைத்தால் மொத்தக் கடத்தல், T1T2-வை |1 − r1r2e^(iθ)|²-ஆல் வகுத்தது. r என்பது அலைவீச்சில் எதிரொளிக்கும் விகிதம், அதன் வர்க்கம்தான் R. θ என்பது நடுவில் ஒரு முறை போய்த் திரும்பும்போது சேரும் கட்டம். மடக்கை எடுங்கள். ln T1 + ln T2, அதிலிருந்து கீழ்ப்பகுதியின் மடக்கையைக் கழிக்க வேண்டும். θ 0 முதல் 2π வரை சமமாகப் பரவியிருந்தால் அந்தக் கழிக்கும் பகுதியின் சராசரி சரியாகப் பூச்சியம். தோராயமாக அல்ல, துல்லியமாகப் பூச்சியம். எனவே மடக்கைகளின் சராசரி அப்படியே கூடுகிறது, எத்தனை தடை வைத்தாலும்.

இந்தத் துறையில் ஒரு வரிக் கணக்குக்கு இவ்வளவு பலன் கிடைப்பது அபூர்வம். வகுப்பில் இதை முதல் நாளே சொல்லிவிட்டு அணிப் (மேட்ரிக்ஸ்) பெருக்கலுக்குப் போகலாம். யாரும் சொல்வதில்லை, நேராக அணிக்குள் தள்ளிவிடுகிறார்கள்.

பிப்ரவரி 5

இப்போது அந்த "அடிபட்டுப் போகும்" விஷயம்.

வெவ்வேறு பாதைகளில் வரும் அலைகளுக்கு வெவ்வேறு நீளம், ஆகவே தாறுமாறான கட்டம், ஆகவே அவற்றுக்கிடையே குறுக்கீடு மிஞ்சாது. வாதம் இதுதான். இதில் ஒளிந்திருக்கும் அனுமானம்: எந்த இரண்டு பாதைக்கும் ஒரே நீளம் இருக்காது என்பது. அது பொய்.

மூன்று பரப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு இடைவெளிகள், அ, ஆ.

பாதை ஒன்று: அலை முதல் பரப்பைக் கடக்கிறது, அ-வில் ஒரு முறை முன்னும் பின்னும் துள்ளுகிறது, இரண்டாம் பரப்பைக் கடக்கிறது, ஆ-வில் ஒரு முறை துள்ளுகிறது, வெளியேறுகிறது. அ-வை மூன்று தடவை, ஆ-வை மூன்று தடவை கடந்திருக்கிறது.

பாதை இரண்டு: அலை அ, ஆ இரண்டையும் நேராகக் கடந்து மூன்றாம் பரப்பில் மோதுகிறது, இரண்டையும் கடந்து முதல் பரப்புக்கே திரும்புகிறது, மறுபடி மோதி இரண்டையும் கடந்து வெளியேறுகிறது. இங்கேயும் அ மூன்று தடவை, ஆ மூன்று தடவை.

நீளம் அச்சு அசலாக ஒன்றே. அ-வையும் ஆ-வையும் நீங்கள் எவ்வளவு தாறுமாறாக மாற்றினாலும் இந்த இரண்டு பாதைகளின் கட்ட வேறுபாடு மாறாது. சராசரி எடுத்து எடுத்துக் களைத்துப் போகலாம், இது மட்டும் அசையாது.

அப்புறம் அந்தக் கட்ட வேறுபாடு என்ன? பாதை ஒன்று நடுப்பரப்பில் இருபுறமும் ஒவ்வொரு முறை எதிரொளிக்கிறது. இடப்புறம் r என்றால் வலப்புறம் −r. பெருக்கினால் −R. பாதை இரண்டு அதே இடத்தில் நடுப்பரப்பைக் கூடுதலாக இரண்டு முறை ஊடுருவுகிறது, அது +T. மற்ற காரணிகள் எல்லாம் இரண்டுக்கும் பொது. அலையாகக் கூட்டினால் T − R, செறிவு (T − R)². கதிராகக் கூட்டினால் T² + R². நம் கண்ணாடிக்கு அலை 0.846, கதிர் 0.923. வித்தியாசம் 2TR, எப்போதும் குறையும் பக்கம்.

மூன்று பரப்பில் இது ஒரு ஜோடி. பரப்புகள் கூடக்கூட ஒரே நீளமுள்ள பாதைகளின் கூட்டம் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. எல்லாம் சேர்ந்துதான் 10.7-ஐ 0.028 ஆக்குகின்றன.

வேடிக்கை ஒன்று. எதிர்ப்பக்க எதிரொளிப்புக்கு எதிர்க்குறி என்ற அந்த −r உறவு 1849இல் ஸ்டோக்ஸ் கொடுத்தது. தகட்டுக் குவியலுக்குக் கதிர்க் கணக்குப் போட்டவரும் அவரே. இரண்டு காகிதமும் ஒரே மேஜையில்தான் இருந்திருக்கும். மேஜையின் இரு மூலைகள் சந்திக்க நூறாண்டுக்கு மேல் ஆனது.

பிப்ரவரி 5, இரவு

சோதனை உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. பெர்ரியும் கிளைனும் 1997இல் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்களை அடுக்கிக் கடத்தலை அளந்தார்கள். படிக்குறிச் சரிவுதான் வந்தது, 1/N அல்ல.

பிப்ரவரி 7

"ஆண்டர்சன் சொன்னது எலக்ட்ரானுக்கு, அதை ஒளிக்கு இழுக்கலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

லோக்கலைசேஷன் கருத்தைத் தொடங்கிவைத்த இயற்பியலாளர் ஆண்டர்சனின் 1958 கட்டுரை ஒழுங்கற்ற படிக அணிக்கோப்பில் எலக்ட்ரான் விரவாமல் நின்றுவிடுவதைப் பற்றியது. 1977 நோபலில் இதற்குப் பங்கு உண்டு. ஒரு பரிமாணத்தில் எவ்வளவு சிறிய ஒழுங்கின்மையும் போதும், எல்லா நிலைகளும் முடங்கும் என்று மாட்டும் டூஸும் 1961இல் வாதிட்டார்கள். 1963இல் ஃபுர்ஸ்டன்பர்க் தாறுமாறான அணிகளின் பெருக்கலைப் பற்றி நிறுவிய தேற்றம் இதற்குக் கணித முதுகெலும்பு: பொதுவாக அப்படிப்பட்ட பெருக்கல் படிக்குறி வேகத்தில்தான் வளரும். அவர் ஒளியையும் நினைக்கவில்லை, எலக்ட்ரானையும் நினைக்கவில்லை. அடுக்குகளைக் கடக்கும் ஒளி என்பது 2×2 அணிகளின் பெருக்கல், ஆகவே தேற்றம் அப்படியே வந்து உட்காருகிறது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. எலக்ட்ரானுக்கு ஒழுங்கின்மை என்பது நிலை ஆற்றல். ஆற்றலைக் குறைத்தால் எலக்ட்ரான் பள்ளங்களில் சிக்கும், முடக்கம் கூடும். ஒளியின் சமன்பாட்டில் ஒழுங்கின்மை ε-வில் (பொருளின் மின்கடவு எண், ஒளிவிலகல் எண்ணைத் தீர்மானிப்பது) இருக்கிறது, அது அதிர்வெண் ω-வின் வர்க்கத்தால் பெருக்கப்பட்டு வருகிறது. அதிர்வெண்ணைக் குறைத்தால் ஒழுங்கின்மையே கரைந்துவிடும். அலைநீளம் அடுக்கைவிட மிகப் பெரிதானால் அலைக்கு அடுக்குகள் தெரியாது, சராசரி ஊடகம் ஒன்றுதான் தெரியும். முடக்க நீளம் (வழக்கமான கடத்தல் e-இல் ஒரு பங்காகச் சரியத் தேவையான நீளம்) அலைநீளத்தின் வர்க்கமாக வளரும். ஆக ஒளியைச் சிக்கவைக்கும் பள்ளம் கிடையாது. குறுக்கீடு மட்டுமே ஆயுதம். அந்த வகையில் ஒளியின் முடக்கம் எலக்ட்ரானுடையதைவிடத் தூய்மையானது என்பது என் கருத்து. ஒன்றையொன்று விரட்டும் மின்னூட்டச் சண்டையும் இல்லை.

பிப்ரவரி 7, கொசுறு

வர்க்கம் என்றேன், அதுவும் எல்லா அடுக்குக்கும் பொருந்தாது. எதிர்மறை ஒளிவிலகல் எண் கொண்ட செயற்கைப் பொருளையும் சாதாரணப் பொருளையும் மாற்றி மாற்றி அடுக்கினால், முன்னால் சேர்ந்த கட்டத்தை அடுத்த அடுக்கு கழித்துவிடுகிறது. ஒளிவிலகல் எண்ணில் மட்டும் ஒழுங்கின்மை இருக்கும் அப்படிப்பட்ட அடுக்கில் முடக்க நீளம் அலைநீளத்தின் ஆறாம் படியாக வளர்வதாக அசத்ரியன் குழு 2007இல் கணக்கிட்டுக் காட்டியது. ஆறாம் படி! அதைப் படித்த அன்று வேறு வேலை ஓடவில்லை.

பிப்ரவரி 9

நான் 0.028 சதவீதம் என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிரல் எழுதி ஓட்டியிருக்கிறார். "எனக்கு ஒரு தடவை 1 சதவீதம் வருகிறது, இன்னொரு தடவை லட்சத்தில் ஒன்று வருகிறது, சராசரி எடுத்தால் நூற்றில் சில வருகிறது. உங்கள் எண் எங்கே?"

அவருடைய நிரல் சரிதான். 0.028 என்பது சராசரி அல்ல, வழக்கமான மதிப்பு: மடக்கைகளின் சராசரியை எடுத்து மீண்டும் எண்ணாக்கியது. மெல்லிய சிதறலில் ln T ஏறக்குறைய மணி வடிவில் பரவுகிறது, அதன் பரவற்படி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) சராசரி அளவின் இரண்டு மடங்கு. நம் கணக்கில் சராசரி −8, பரவற்படி 16, திட்ட விலக்கம் 4. அதாவது சாதாரணமாகவே கடத்தல் லட்சத்தில் அரைப்பங்கிலிருந்து நூற்றில் ஒன்றரை வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம்.

இப்படிப் பரவிக் கிடக்கும் ஒன்றுக்கு T-யின் நேர்ச் சராசரி எடுத்தால், எங்கோ ஓரிரு அதிர்ஷ்டசாலி அடுக்குகள் மொத்தத் தொகையையும் தீர்மானிக்கும். மீதி அடுக்குகள் கணக்கிலேயே வராது. நீண்ட அடுக்குகளில் (L அடுக்கின் நீளம், ℓ முடக்க நீளம்) வழக்கமான மதிப்பு e-யின் −L/ℓ படியாகச் சரிய, நேர்ச் சராசரி −L/4ℓ படியாகத்தான் முதன்மையாகச் சரியும். 1/T-யின் சராசரி எடுத்தால் e-யின் 2L/ℓ படியாக வளரும். ஒரே அடுக்கு, மூன்று சராசரி, மூன்று முடக்க நீளம்! மூன்றில் மடக்கை மட்டும்தான் ஒரு தனி அடுக்கை எடுத்தாலும் நீளம் கூடக்கூட அதே எண்ணுக்கு வந்து நிற்கும். ஆண்டர்சன், தவ்லஸ், ஆபிரகாம்ஸ், ஃபிஷர் 1980இல் வலியுறுத்தியது இதைத்தான்: எந்த அளவு கூடுகிறதோ அதற்குச் சராசரி எடு.

இந்த இழையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். லோக்கலைசேஷன் பற்றி நான் பார்த்த சண்டைகளில் பாதி, ஒருவர் T-யின் சராசரி ⟨T⟩-யையும் மற்றவர் மடக்கையின் சராசரி ⟨ln T⟩-யையும் வைத்துக்கொண்டு போட்டவை.

பிப்ரவரி 9, பின்னிரவு

நிரல் ஓட்டுகிறவர்களுக்கு. அணிகளைப் பெருக்கிக்கொண்டே போனால் உறுப்புகள் T-யின் வர்க்கமூலத்தின் தலைகீழாக வளரும். அணிக்கோவை (determinant) கடைசிவரை 1 ஆக இருக்க வேண்டும். உறுப்புகள் பத்துக் கோடியைத் தொடும்போது அந்த 1 என்பது, பத்தின் பதினாறாம் படி அளவுள்ள இரண்டு எண்களின் வித்தியாசம். இரட்டைத் துல்லிய எண்களில் அது காணாமல் போய்விடும். நம் கண்ணாடிக்கு 450 தகடு வாக்கில் இது நடக்கும். ஒரே உறுப்பிலிருந்து T-யைக் கணக்கிட்டால் தப்பிக்கலாம், அணிக்கோவையை நம்பி ஏதாவது செய்திருந்தால் குப்பைதான் வரும். நான் இப்போதெல்லாம் அணியே பெருக்குவதில்லை. ஒவ்வொரு பரப்பாகச் சேர்த்து r-ஐயும் ln T-யையும் மட்டும் புதுப்பித்துக்கொண்டு போகிறேன். லட்சம் அடுக்கானாலும் அலுங்காது.

பிப்ரவரி 10

கட்டம் "0 முதல் 2π வரை சமமாகப் பரவியிருந்தால்" என்று 4ஆம் தேதி போகிற போக்கில் எழுதினேன். அந்த நிபந்தனைக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும்.

காணும் ஒளியின் அலைநீளம் அரை மைக்ரோமீட்டர். சாதாரணத் தாளின் தடிமன் தாளுக்குத் தாள் அதைவிட அதிகமாக மாறினால் நிபந்தனை தானாக நிறைவேறும். ஆனால் ஆய்வகத்தில் வளர்க்கும் மெல்லடுக்குகளில் தடிமன் சில நானோமீட்டர்தான் தப்பும். அங்கே ஒழுங்குதான் முதலாளி, ஒழுங்கின்மை கூலி. ஒழுங்கான அடுக்குக்குச் சில அதிர்வெண்கள் தடைப்பட்டையில் (அடுக்குக்குள் பரவவே முடியாத அதிர்வெண் வரம்பு) விழும், மற்றவை தாராளமாகப் போகும். மெல்லிய ஒழுங்கின்மை சேர்ந்தால் தாராளமாகப் போன அதிர்வெண்களும் முடங்கத் தொடங்கும், ஆனால் முடக்க நீளம் மிகப் பெரிது, அடுக்கே அதற்குள் முடிந்துவிடலாம். தடைப்பட்டைக்குள் நேர்மாறு. அங்கே ஏற்கெனவே படிக்குறிச் சரிவு இருக்கிறது, ஒழுங்கின்மை அதைக் கொஞ்சம் கெடுத்து ஒளியைக் கூடுதலாகக் கசிய விடும். ஆகவே "ஒழுங்கின்மை கூடினால் கடத்தல் குறையும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது.

ஒழுங்கின்மைக்குள்ளே ஒட்டுறவு (ஒன்றின் மதிப்பு மற்றதைச் சார்ந்திருப்பது) இருந்தால் இன்னும் வினோதம். தாறுமாறுகள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து வந்தால் சில ஆற்றல்களில் முடக்கமே இராது என்று டன்லப், வூ, ஃபிலிப்ஸ் 1990இல் காட்டினார்கள். 2000இல் கூல், இஸ்ரைலேவ், குரோகின், ஸ்டோக்மன் ஆகியோர் மைக்ரோ அலைவழியில் திருகுகளைச் செருகி, அவற்றின் ஆழத்தை ஒட்டுறவோடு ஒழுங்கின்றி அமைத்து, ஒரு அதிர்வெண் பட்டை தாராளமாகப் போவதையும் பக்கத்துப் பட்டை அடைபடுவதையும் அளந்தே காட்டிவிட்டார்கள். தாறுமாறிலும் வகை உண்டு.

பிப்ரவரி 12

சாய்வாக விழும் ஒளி பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

காற்று-கண்ணாடிக்கு 56.3 பாகை புரூஸ்டர் கோணம். அந்தக் கோணத்தில், படுதளத்திலேயே (விழும் கதிரும் எதிரொளிக்கும் கதிரும் அமையும் தளம்) அதிரும் ஒளிக்கு எந்தப் பரப்பிலும் எதிரொளிப்பு கிடையாது. r பூச்சியம் என்றால் பாதை ஒன்று, பாதை இரண்டு எல்லாம் கட்டுக்கதை. இரண்டே பொருள்களை எவ்வளவு தாறுமாறான தடிமனில் அடுக்கினாலும் முடக்க நீளம் முடிவிலி. கோணம் அதை நெருங்கும்போதே நீளம் கிடுகிடுவென்று வளரும். சைப், ஷெங், வைட், கோஹன் ஆகியோர் 1988இல் இதை எழுதினார்கள். குறுக்கே அதிரும் ஒளிக்கு இந்தச் சலுகை இல்லை, அது முடங்கும். தகட்டுக் குவியலைத் தளவிளைவு வடிகட்டியாக (ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) 19ஆம் நூற்றாண்டிலேயே பயன்படுத்தினார்கள். ஒரு பாதிக்கு லோக்கலைசேஷன், மறுபாதிக்கு விடுதலை.

அப்படியானால் எல்லாக் கோணத்திலும் இரண்டு தளத்துக்கும் ஆடியாக இருக்கும் அடுக்கு சாத்தியமா? மத்தி, ஹெர்ரிங் மீன்களைக் கேளுங்கள். அவற்றின் வெள்ளி நிறம் உலோகம் அல்ல. குவானின் படிகத் தகடுகளும் அவற்றுக்கிடையே செல் திரவமும் தாறுமாறான தடிமனில் அடுக்கப்பட்டதுதான் அது. எண்கள் சுமார் 1.83, 1.33. தாறுமாறு என்பதால் ஒரே நிறத்தில் மினுங்காமல் எல்லா நிறத்தையும் திருப்பி வெள்ளியாகத் தெரிகிறது. ஒரே வகைப் படிகமாக இருந்தால் புரூஸ்டர் கோணத்தில் ஒரு தளம் கசிந்துவிடும். ஜோர்டன், பார்ட்ரிட்ஜ், ராபர்ட்ஸ் 2012இல் கண்டது: இந்த மீன்களில் ஒளியச்சு வெவ்வேறு திசையில் இருக்கும் இரண்டு வகைப் படிகங்கள் கலந்திருக்கின்றன. ஒன்றின் புரூஸ்டர் கோணத்தில் மற்றது எதிரொளிக்கிறது. 2014இல் அதே குழு இதை நேரடியாக லோக்கலைசேஷன் கணக்கோடு பொருத்தியது. 1988 கட்டுரையைப் படிக்காமலே அதன் ஓட்டையை மீன் அடைத்துவிட்டது.

பிப்ரவரி 13

மீன் குறிப்புக்கு வந்த பதில்கள் இழையைச் சமையலறைக்குக் கொண்டுபோகப் பார்க்கின்றன. திரும்புவோம்.

பிப்ரவரி 15

அலை முடங்குவது என்றால் ஒளி நுழையவே முடியாத சுவர் என்று நினைப்பவர்களுக்கு. உண்மையில் தவறவிடக் கூடாத பகுதி இதுதான்.

நீண்ட அடுக்கு ஒன்றில் அதிர்வெண்ணை மெதுவாக மாற்றிக்கொண்டே போனால் பெரும்பாலான இடத்தில் இருட்டு. திடீரென்று ஊசிமுனை போல ஒரு உச்சம், சில சமயம் கடத்தல் 1-ஐயே தொடும். அந்த அதிர்வெண்ணில் அடுக்கின் உள்ளே ஒரு முடங்கிய நிலை (ஒளி ஓரிடத்தைச் சுற்றியே குவிந்து நிற்கும் அலை வடிவம்) இருக்கிறது. அது நடுவாக அமைந்திருந்தால் இருபுறமும் சமமாகக் கசியும், ஒத்ததிர்வு முழுமையாகும். அப்போது உள்ளே செறிவு வெளியைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். ஓரமாக அமைந்த நிலைக்கு உச்சம் குட்டை. உச்சத்தின் அகலமோ அடுக்கின் நீளத்தோடு படிக்குறி வேகத்தில் ஒடுங்கும். அலைநீளத்தை மாற்றும் படி கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் உச்சத்தைத் தாண்டிக் குதித்துவிடுவோம், ஒன்றுமே இல்லை என்று எழுதிவைப்போம்.

முந்தைய "அதிர்ஷ்டசாலி அடுக்குகள்" இவைதான். இன்னொரு வகை அதிர்ஷ்டமும் உண்டு: முடங்கிய நிலைகள் பல ஒரே அதிர்வெண்ணுக்கு அருகே வரிசையாக அமைந்து கைகோத்தால் அகலமான ஒரு வழி திறக்கும். பெண்ட்ரி கணித்த இந்த மாலை நிலைகளை 2005இல் பெர்டொலாட்டியும் கூட்டாளிகளும் நுண்துளைச் சிலிக்கான் அடுக்குகளில் பார்த்தார்கள். அதே ஆண்டு மில்னரும் ஜெனாக்கும் நுண்ணோக்கி மூடுதகடுகளுக்கிடையே சாயம் கலந்த படலங்களை வைத்து அடுக்கி, அதை லேசராக ஒளிரவைத்தார்கள். முடங்கிய நிலைதான் அங்கே ஆடிகளின் வேலையைச் செய்தது.

பிப்ரவரி 16

"சாயம் கலந்து ஒளியைப் பெருக்கினால் கடத்தலும் பெருகுமே?" இல்லை. குட்டையான அடுக்கில் பெருகும். ஒரு நீளத்துக்கு மேல் பெருக்கமும் உட்கவர்தலும் கடத்தலை ஒரே வீதத்தில்தான் குறைக்கின்றன. பாஷன்ஸ், மிசிர்பாஷயேவ், பீனாக்கர், 1996. இதை ஏற்க எனக்கு வெகுகாலம் பிடித்தது. பெருக்கமும் ஒருவகைப் பொருத்தமின்மை, அதுவும் அலையைத் திருப்பி அனுப்பும் என்று பார்த்தால்தான் மனம் ஒப்புகிறது.

பிப்ரவரி 19

முதல் கேள்வியின் வால் பாக்கி: படிக்குறிச் சரிவைப் பார்த்தால் அது உட்கவர்தல் இல்லை என்று எப்படித் தெரியும்?

நியாயமான கேள்வி. முப்பரிமாணத்தில் இதே கேள்வி பலரை வருஷக்கணக்கில் அலைக்கழித்திருக்கிறது. கேலியம் ஆர்சினைடு பொடியில் ஒளி முடங்கியதாக 1997இல் வந்த அறிவிப்புக்கு, உட்கவர்தலாலும் அதே வளைகோடு வரும் என்று 1999இல் மறுப்பு வந்தது. டைட்டேனியம் டையாக்சைடு பொடியில் 2006இல் கண்ட நீண்ட வால், கடைசியில் ஒளிர்வின் வேலை என்று 2016இல் தெளிந்தது. வெள்ளைப் பெயின்ட் ஒளியை முடக்குமா என்ற பேச்சை ஆண்டர்சனே 1985இல் தொடங்கிவைத்தார். புள்ளிச் சிதறலிகளின் கூட்டத்தில், ஒளியின் திசையன் தன்மை காரணமாகவே முப்பரிமாண முடக்கம் நடக்காது என்று ஸ்கிபெட்ரோவும் சொகொலோவும் 2014இல் காட்டினார்கள். 2023இல் யாமிலோவ் குழுவின் கணினிக் கணக்கில் உலோகக் கோளங்களுக்கு அது நடக்கிறது. முப்பரிமாணத்தில் முடக்கம் கட்டாயம் அல்ல, சிதறல் ஒரு எல்லையைத் தாண்ட வேண்டும். டி.வி. ராமகிருஷ்ணனும் மூவரும் 1979இல் தந்த அளவுகோல் கோட்பாடு (அமைப்பின் அளவு கூடக்கூடக் கடத்தல் எப்படி மாறும் என்பது) அதைத்தான் சொல்கிறது. அடுக்குப் பொருளுக்கு அந்தத் தலைவலி இல்லை, எல்லையே பூச்சியம்.

அடுக்கில் சோதிக்க இரண்டு வழி. முதலாவது, எதிரொளித்ததையும் அளந்து கூட்டுங்கள். T + R ஒன்றுக்கு அருகே நின்றால் முடக்கம், குறைந்துகொண்டே போனால் உட்கவர்தல். ஒளிக்கற்றை சிதறி ஓரத்தில் தப்பாத வரை இது போதும். நான் தகடுகளை அடுக்கிப் பார்த்த அனுபவத்தில் எதிரி உட்கவர்தல் அல்ல, தூசு. இடையில் சிக்கிய ஒரு துகள் தகட்டைச் சாய்த்துவிடும், கற்றை நடந்துகொண்டே போய் உணரியை விட்டு வெளியேறும், அதையும் படிக்குறிச் சரிவாக எண்ணத் தோன்றும்.

இரண்டாவது வழி ஏற்ற இறக்கம். உட்கவர்தல் எல்லா அடுக்கையும் ஒரே மாதிரி இருட்டாக்கும். முடக்கம் அடுக்குக்கு அடுக்கு, அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் தாறுமாறாக ஏற்றி இறக்கும். சபனோவ், ஸ்டோய்ட்செவ், ஜெனாக் 2000இல் மைக்ரோ அலைகளுக்கு இந்த ஏற்ற இறக்கத்தின் அளவையே முடக்கத்தின் அடையாளமாக வைத்தார்கள், உட்கவர்தல் இருந்தாலும் அது செல்லுபடியாகும் என்பதுதான் அதன் பலம்.

பிப்ரவரி 19, சற்றுப் பிறகு

வெள்ளொளியில் பார்க்கப்போகிறவர் கவனத்துக்கு: கண்ணும் அகலப்பட்டை உணரியும் அலைநீளங்கள் முழுவதற்கும் T-யின் நேர்ச் சராசரியை எடுக்கின்றன. அதாவது அதிர்ஷ்டசாலிகளை. லேசரை வையுங்கள், கற்றையைக் குறுக்குங்கள், ஒரு இடத்தில் அளந்து குறித்துக்கொண்டு அடுக்கைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி அளவிடுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் முதலில் மடக்கை, அப்புறம் சராசரி. வரிசையை மாற்றினால் வேறு பதில் வரும், பிறகு இங்கே வந்து சண்டை போடுவீர்கள். தகட்டின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய் ln T-யின் சராசரியையும் பரவற்படியையும் ஒரே தாளில் வரையுங்கள். இரண்டும் நேர்கோடாகி, பரவற்படிக் கோட்டின் சரிவு மற்றதன் இரண்டு மடங்குக்கு அருகே இருந்தால், உங்கள் தாள்கள் ஒளியை விழுங்கவில்லை.